மான்செஸ்டர் தெருக்களில்: சில பாடகர்களின் வாழ்க்கை திரும்பிய இடங்கள்

திங்கள், பீட்டர் தெரு

பீட்டர் தெருவில் இருக்கும் ஃப்ரீ ட்ரேட் ஹால் இன்று ஒரு பெரிய ஹோட்டல். வளைவுகள் வைத்த பழைய கல் முகப்பை விட்டுவைத்து, பின்னால் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். இந்த மண்ணுக்கு வரலாறு ஏராளம். 1819 ஆகஸ்ட் 16 அன்று வாக்குரிமை கேட்டுத் திரண்ட மக்கள்மீது இங்கேதான் குதிரைப்படையை ஏவினார்கள். பீட்டர்லூ படுகொலை என்று அதற்குப் பெயர். இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டங்கள் ஒழிந்ததன் நினைவாக 1850களில் மண்டபம் எழுந்தது. 1966 மே மாதம் பாடகர் பாப் டிலன் பழைய நாட்டுப்புறப் பாணியை விட்டு எலெக்ட்ரிக் கிட்டாரோடு நின்றபோது, துரோகம் என்று கோபப்பட்டுக் கூட்டத்திலிருந்து ஒருவர் ‘யூதாஸ்!’ என்று கத்தியதும் இதே மண்டபத்தில்தான்.

நான் தேடி வந்தது அந்தப் பெரிய மண்டபத்தை அல்ல. இதே கட்டடத்தின் மாடியில் இருந்த சின்ன அரங்கை. 1976 ஜூன் 4, வெள்ளிக்கிழமை இரவு அங்கே செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் ராக் குழுவினர் வாசித்தார்கள். டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் சில டஜன் பேர்தான்.

இங்கே படிக்கும் அக்கா மகன் கூட வந்திருந்தான். வரவேற்பறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “மாமா, அன்னிக்கு நடந்தது ஒரு சின்னக் கச்சேரிதானே? அதுக்கு ஏன் இன்னும் இவ்வளவு பேச்சு?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

பக்கத்து ஊரான போல்ட்டனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே ஹோவர்ட் டிவோட்டோ என்ற மாணவர், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்கக் குழுவின் பாட்டு ஒன்றை வாசிக்க ஆள் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பதில் சொன்னவர் பீட் ஷெல்லி. 1976 பிப்ரவரியில் என்எம்இ இசை வாரப் பத்திரிகையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றி ஒரு விமர்சனம் வந்தது. அதைப் படித்த இருவரும் ஒரு காரைக் கடன் வாங்கிக்கொண்டு தெற்கே போய் அவர்களைப் பார்த்தார்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. ‘எங்கள் ஊருக்கு வாருங்கள், அரங்கு பிடித்துத் தருகிறோம்’ என்றார்கள். தாங்களும் அதே மேடையில் வாசிப்பது அவர்கள் திட்டம். ஆனால் பஸ்காக்ஸ் என்று பெயர் வைத்த அவர்களுடைய குழுவுக்கு ஆள் தேறவில்லை. அந்த இடத்தை சோல்ஸ்டிஸ் என்ற உள்ளூர் ராக் குழு நிரப்பியது.

ஆள் தேறாத கதைக்குத்தான் அன்றிரவு ஒரு முடிவு வந்தது. ஸ்டீவ் டிகில் என்ற இளைஞர் வேறு யாரோ ஓர் இசைக்காரரைச் சந்திப்பதற்காக மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தார். வாசலில் நின்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்த பிஸ்டல்ஸ் மேலாளர் மால்கம் மெக்லாரன், ‘நீ தேடுகிற ஆட்கள் உள்ளே இருக்கிறார்கள்’ என்று சொல்லி அவரை அழைத்துப்போய் ஷெல்லியின் முன்னால் நிறுத்திவிட்டார். ஷெல்லி பேஸ் (தாழ்ந்த சுருதிக் கிட்டார்) வாசிக்க ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். ஜூலை 20 அன்று பிஸ்டல்ஸ் இதே அரங்குக்குத் திரும்பி வந்தபோது டிகில் பஸ்காக்ஸின் பேஸ் கலைஞராக மேடையில் நின்றார். 2018 டிசம்பரில் ஷெல்லி இறந்த பிறகும் குழுவை நடத்திக்கொண்டு போகிறவர் அவரே.

பார்வையாளர் பக்கம் வருவோம். ஸால்ஃபோர்டில் ஒரே பள்ளியில் படித்த பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹூக்கும் அன்று அங்கே இருந்தார்கள். மறுநாளே ஹூக் போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அதற்கு முன் அவர் அதைத் தொட்டதில்லை. அந்த இருவரிலிருந்து ஜாய் டிவிஷன் குழுவும், பின்னர் நியூ ஆர்டர் குழுவும் வந்தன. கப்பல் துறையில் குமாஸ்தாவாக இருந்த மார்க் இ. ஸ்மித் அந்த இரவுக்குப் பிறகு ‘தி ஃபால்’ குழுவைத் தொடங்கி, 2018இல் இறக்கும்வரை அதை நிறுத்தவில்லை. பின்னாளில் ஸ்மித்ஸ் குழுவின் பாடகரான, அப்போது பதினேழு வயது நிரம்பிச் சில நாட்களே ஆன ஸ்டீவன் மோரிசி கச்சேரி பற்றி என்எம்இக்குக் கடிதம் எழுதினார், அது அச்சானது.

பிஸ்டல்ஸ் அன்று பிரமாதமாக வாசித்தார்களா என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. ‘இதை நாமும் செய்யலாம்’ என்று வந்தவர்களுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றுவதற்கு இரண்டு மாணவர்கள் அரங்கு பிடித்து, டிக்கெட் அடித்து, நாற்காலி போட வேண்டியிருந்தது. மேடையில் நின்றவர்களைவிட இந்த இருவரைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கிறது.

செவ்வாய், பிக்காடில்லி

பிக்காடில்லி தோட்டத்தில் ராபர்ட் பீல் சிலை இருக்கிறது. அதன் காலடியில் நான்கு இளைஞர்கள் நிற்கும் ஒரு போலராய்டு படம், எடுத்தவர் அவர்களுடைய நண்பரும் மேலாளருமான ரிச்சர்ட் பூன். பஸ்காக்ஸின் முதல் வெளியீடான ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ இசைத்தட்டின் அட்டைப் படம் அது. இன்று சிலையைச் சுற்றிப் புறாக்களும், மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கும் அலுவலகக்காரர்களும்.

நான்கே பாட்டு. 1976 டிசம்பர் 28 அன்று இண்டிகோ ஸ்டுடியோவில் பதிவு. தயாரிப்பு மார்ட்டின் ஹேனட். பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லை. ஷெல்லியின் அப்பா உட்பட வீட்டாரிடமும் நண்பர்களிடமும் சுமார் 500 பவுண்ட் புரட்டி, நியூ ஹார்மோன்ஸ் என்று சொந்தமாக ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, ஆயிரம் தட்டு அடித்தார்கள். 1977 ஜனவரியில் வெளிவந்து, கேட்டு வாங்க ஆள் வந்துகொண்டே இருந்ததால் மேலும் மேலும் அடிக்க வேண்டியதாயிற்று. அட்டையில் ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முயற்சியில் பதிவானது, மேலே வேறு ஒலி சேர்த்தார்களா இல்லையா என்பதைக்கூட அச்சிட்டிருக்கிறார்கள். செய்முறையை மறைக்காமல் கையில் கொடுத்துவிட்டார்கள். லண்டனுக்குப் போய் யாருடைய கதவுக்கு வெளியேயும் காத்திருக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் சிற்றூர்ப் பையன்களுக்கு அந்தத் தட்டு சொன்னது. பின்னாளில் ‘இண்டி’ என்று, பெரிய நிறுவனங்களைச் சாராத ஒரு வகையே உருவானதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தட்டு வெளிவந்த சில நாட்களில் டிவோட்டோ குழுவைவிட்டு விலகினார். வெற்றி கண்ணெதிரே தெரியும்போது ஏன் விலக வேண்டும்? பங்க் இசை அதற்குள் ஒரே அச்சில் வார்த்ததுபோல ஆகிவிட்டதாக அவர் நினைத்தார். பிறகு ‘மேகஸின்’ என்ற குழுவைத் தொடங்கினார். பாடுவதற்கு ஆள் இல்லாமல் போன பஸ்காக்ஸில், அதுவரை கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த ஷெல்லி மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். நாம் இன்று பஸ்காக்ஸ் குரல் என்று அடையாளம் காண்கிற, அந்தத் தழுதழுக்கும் மெல்லிய காதல் குரல் அப்படித்தான் கிடைத்தது. டிவோட்டோவின் அந்த முடிவு இரண்டு நல்ல குழுக்களைத் தந்தது. துணிச்சல் என்றால் எனக்கு இதுதான்.

மாலையில் லிட்டில் பீட்டர் தெருப் பக்கம் நடந்தோம். ஜாய் டிவிஷன் பயிற்சி செய்த டி.ஜே. டேவிட்சன் கட்டடம் இப்போது இல்லை. அது ஒரு பழைய ஆலைக் கட்டடம். 1970களில் மான்செஸ்டரில் பஞ்சாலைகள் மூடிக் கிடந்தன. சூடேற்றும் வசதியில்லாத, பெயர்ந்த சுவர்களுள்ள பெரிய அறைகள் மலிவான வாடகைக்குக் கிடைத்தன. அக்கம்பக்கத்தில் குடியிருப்பு இல்லாததால் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆளில்லை. எங்கள் கோயம்புத்தூரை ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று பள்ளிப் பாடத்தில் பெருமையாகப் படித்தவன் நான். ஆலைகள் மூடியபோது எங்கள் தெருவில் எத்தனை குடும்பங்கள் நிலைகுலைந்தன என்பதையும் பார்த்தவன். அதனால் ஆலை மூடியதால் இசை பிறந்தது என்று யாராவது அழகாகச் சொல்லும்போது எனக்கு ஒப்புவதில்லை. வேலை போனவர்களின் பிள்ளைகள் கிடைத்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் உண்மை.

புதன், ஸ்டாக்போர்ட்

பிக்காடில்லியிலிருந்து ரயிலில் பத்து நிமிடம். வாட்டர்லூ சாலையில் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோ இருந்த கட்டடத்தில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். டென் சிசி என்ற ராக் குழுவினர் தங்கள் சம்பாத்தியத்தைப் போட்டு வளர்த்த இடம் இது. லண்டனுக்குப் போகாமலே நல்ல தரத்தில் பதிவு செய்யலாம் என்ற நிலையை வட இங்கிலாந்தில் உருவாக்கியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. 1993இல் மூடிவிட்டார்கள்.

1979 ஏப்ரலில் ஜாய் டிவிஷன் தங்கள் முதல் ஆல்பமான ‘அன்நோன் பிளஷர்ஸ்’ பதிவுக்காக இங்கே வந்தார்கள். தயாரிப்பாளர் அதே மார்ட்டின் ஹேனட். மேடையில் இவர்கள் வாசித்தது முரட்டு ராக். ஹேனட் அதைப் பிரித்துப் போட்டார். டிரம்ஸைத் தனித்தனியாக அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு ஓசைக்கும் இடையே வெற்றிடம் விட்டார், ஓசையைத் தாமதித்து எதிரொலிபோலத் திருப்பித் தரும் டிஜிட்டல் டிலே கருவியால் அந்த வெற்றிடத்தை நிரப்பினார். சம்னருக்கும் ஹூக்குக்கும் முதலில் பிடிக்கவே இல்லை. தங்கள் உரத்த ஒலியைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டதாக நினைத்தார்கள். இன்று அந்த ஆல்பத்தைக் கேட்பவர்களுக்கு, யாருமில்லாத பெரிய கட்டடத்துக்குள் நடக்கிற உணர்வு வருவது ஹேனட் விட்ட இடைவெளிகளால்தான். அவர் 1991இல் இறந்தார், வயது நாற்பத்திரண்டு.

அட்டையில் வரும் வெள்ளைக் கோடுகள் எல்லாருக்கும் தெரியும். திருப்பூரில் தைத்த டி-ஷர்ட்டுகளிலும் பார்த்திருக்கிறேன். 1967இல் ஜோஸ்லின் பெல் பர்னல் கண்டுபிடித்த முதல் பல்சர் நட்சத்திரத்தின் வானொலித் துடிப்புகள் அவை. ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்த படத்தை வடிவமைப்பாளர் பீட்டர் சவில் கறுப்புப் பின்னணிக்கு மாற்றி அட்டையாக்கினார்.

ஸ்டாக்போர்ட்டில் வேறு பார்க்க எனக்கு அதிகம் இல்லை. ஊரின் தலைக்குமேல் போகும் செங்கல் ரயில் பாலத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம்.

வியாழன், மேக்கிள்ஸ்ஃபீல்ட்

இந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

மேக்கிள்ஸ்ஃபீல்ட் ஒரு பட்டு நெசவு ஊர். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்தால், மேட்டின்மேல் இருக்கும் புனித மைக்கேல் தேவாலயத்துக்கு 108 படிகள் ஏறிப் போகலாம். கிழக்கே பச்சை மலைகள். ஜாய் டிவிஷனின் பாடகர் இயன் கர்ட்டிஸ் வளர்ந்த ஊர், அதே குழுவில் டிரம்ஸ் வாசித்த ஸ்டீபன் மோரிஸின் ஊரும் இதுதான். 

கர்ட்டிஸ் 1956 ஜூலை 15 அன்று பிறந்தார். பத்தொன்பதாவது வயதில் திருமணம். கவிதையும் பாடகர் டேவிட் போவியும்தான் உலகம். சம்னரும் ஹூக்கும் பாடகர் தேவை என்று ஒட்டிய விளம்பரத்தைப் பார்த்துத் தொடர்புகொண்டார். ஏற்கெனவே கச்சேரிகளில் பார்த்துப் பழகிய முகம் என்பதால் பாடிக் காட்டச் சொல்லாமலே சேர்த்துக்கொண்டார்கள்.

அவருடைய ரசிகர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று, அவர் செய்த வேலை. மேக்கிள்ஸ்ஃபீல்ட் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், உடல் ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடித் தரும் பிரிவில் உதவி அலுவலராக இருந்தார். அந்த வேலையை மனதார விரும்பிச் செய்தார். அங்கே வேலை கேட்டு வந்த ஓர் இளம்பெண்ணுக்கு வலிப்பு நோய். சில காலம் அவர் வரவில்லை. வேலை கிடைத்திருக்கும் என்று கர்ட்டிஸ் நினைத்துக்கொண்டார். பிறகுதான், வலிப்பு வந்து அந்தப் பெண் இறந்துபோன செய்தி தெரிந்தது. அவரை நினைத்து எழுதிய பாட்டு முதல் ஆல்பத்தில் இருக்கிறது: ‘ஷி’ஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’.

1978 டிசம்பர் 27. லண்டன் இஸ்லிங்டனில் ஹோப் அண்ட் ஆங்கர் என்ற மதுக்கடையில் ஜாய் டிவிஷனின் முதல் லண்டன் கச்சேரி. கூட்டம் மிகக் குறைவு. மனம் சோர்ந்து காரில் வடக்கே திரும்பும் வழியில் கர்ட்டிஸுக்குப் பெரிய வலிப்பு வந்தது. நண்பர்கள் காரை நிறுத்தி, மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த மாதம் வலிப்பு நோய் என்று உறுதி செய்தார்கள். அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு.

என் பார்வையில் கர்ட்டிஸின் வாழ்க்கை திரும்பிய நாள் இதுதான். ரசிகர்கள் ஆண்டுதோறும் நினைவுகூரும் நாள் வேறு. ஆனால் அந்த நாளுக்குப் போகும் பாதை இந்தக் கார்ப் பயணத்தில் தொடங்கியது. அதற்குப் பிறகு வந்த பதினாறு மாதங்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சீக்கிரம் தூங்க வேண்டும், குடிக்கக் கூடாது, மின்னும் விளக்குகள் ஆகாது. அவருடைய தொழிலோ இரவில் கண்விழிப்பதும், மதுக்கடைகளில் பாடுவதும், மேடை விளக்குகளுக்கு நடுவே நிற்பதும். அன்றைய வலிப்பு மருந்துகள் கடுமையானவை, மனநிலையைப் புரட்டிப்போடக் கூடியவை. 1979 ஏப்ரலில் மகள் பிறந்தாள். எந்த நேரம் வலிப்பு வருமோ என்று குழந்தையைத் தூக்கவே பயந்தார். மண வாழ்க்கையிலும் விரிசல் விழுந்தது.

மேடையில் அவர் ஆடிய ஆட்டம் கைகள் வெட்டி வெட்டி அசையும் ஒரு ஆட்டம். நோய் உறுதியாவதற்கு முன்பே அப்படித்தான் ஆடினார். பிறகு சில இரவுகளில் ஆட்டம் எங்கே முடிகிறது, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை, கை தட்டினார்கள். நம் ஊரில் வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம், சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறோம், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையாது என்று மூடி மறைக்கிறோம். சிறுவயதில் என் வகுப்பில் ஒரு பையன் அப்படி விழுந்ததும், அடுத்த நாளிலிருந்து அவன் பக்கத்தில் உட்கார யாரும் முன்வராததும் நினைவுக்கு வந்தது. கர்ட்டிஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையன் முகம்தான் எனக்கு வருகிறது.

1979 இலையுதிர் காலத்தில், பஸ்காக்ஸ் குழுவின் நாடு தழுவிய சுற்றுப்பயணத்தில் ஜாய் டிவிஷன் அவர்களுக்கு முன்னால் வாசிக்கும் துணைக் குழுவாகப் போனார்கள். கர்ட்டிஸ் அரசாங்க வேலையை விட்டுவிட்டார். பெயர் பரவப் பரவக் கச்சேரிகள் கூடின, தூக்கம் குறைந்தது. 1980 ஏப்ரல் 4 அன்று லண்டனில் ஒரே இரவில் இரண்டு இடங்களில் வாசித்தார்கள், வலிப்பு வந்தது. சில நாட்களில் அளவுக்கு மீறி மாத்திரை விழுங்கி மருத்துவமனைக்குப் போனார். ஏப்ரல் 8 அன்று, பரி ஊர் டெர்பி ஹாலில் கச்சேரி. மருத்துவமனையிலிருந்து நேராக அங்கே கொண்டுவந்தார்கள். இரண்டு பாட்டுத்தான் அவரால் பாட முடிந்தது. மற்றவற்றை வேறு குழுக்களின் பாடகர்கள் பாட, கோபம் கொண்ட கூட்டம் பாட்டில்களை வீசியது, அடிதடி ஆனது. தன்னால்தான் இத்தனையும் என்று கர்ட்டிஸ் அழுதார்.

அந்தக் கச்சேரியை ரத்து செய்திருக்க வேண்டும். அவருடைய நண்பர்களே பின்னாளில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். பாட்டு வரிகளில் அவர் எழுதியதை அப்போது தாங்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன்கள். மனச்சோர்வு பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் அவர்கள்மேல் பழி போடவில்லை. ஆனால் ‘மேதை, அதனால் சீக்கிரம் எரிந்து போனான்’ என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவருக்கு ஒரு நோய் இருந்தது, அதற்கு மோசமான மருந்து இருந்தது, ஓய்வு மட்டும் இல்லை.

1980 மே 18, ஞாயிறு அதிகாலை, பார்ட்டன் தெரு வீட்டில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது இருபத்துமூன்று. மறுநாள் குழு முதல்முறையாக அமெரிக்கா புறப்பட இருந்தது. அந்தத் தெருவுக்குப் போக வேண்டாம் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். அங்கே குடியிருக்கிறவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் போனோம். நடைபாதை ஓரத்தில் சின்னக் கல். பெயர், தேதி, அவருடைய மிகப் பிரபலமான பாட்டின் தலைப்பு. 2008இல் பழைய கல்லை யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், இப்போது இருப்பது புதியது. மேலே நாணயங்களும் கிட்டார் மீட்டும் பிளாஸ்டிக் வில்லைகளும் வைத்திருந்தார்கள். அக்கா மகன் அதுவரை போனில் படம் எடுத்துக்கொண்டே வந்தவன், அங்கே எடுக்கவில்லை. திரும்பும் ரயிலில், “மாமா, அவருக்கு என் வயசைவிட ஒரு வயசுதான் கூட” என்றான்.

வெள்ளி, ஸ்ட்ரெட்ஃபோர்டும் ஸால்ஃபோர்டும்

டிராமில் ஸ்ட்ரெட்ஃபோர்ட். கிங்ஸ் சாலை நீளமானது. இரு பக்கமும் ஒரே மாதிரி ஜோடி வீடுகள். இதில் ஒரு வீட்டின் கதவை 1982 மே மாதம் ஜானி மார் தட்டினார். ஐரிஷ் பெற்றோரின் பிள்ளை, வயது பதினெட்டு, துணிக்கடை வேலை. கிட்டாரில் கெட்டிக்காரர். பாட்டு எழுத ஒரு கூட்டாளி வேண்டும் அவருக்கு. அமெரிக்கப் பாடலாசிரியர் இணையான லைபரும் ஸ்டோலரும் பற்றிய ஓர் ஆவணப்படத்தைப் பார்த்திருந்தார். அவர்களில் ஒருவர் மற்றவரின் வீட்டுக் கதவைத் தேடிப்போய்த் தட்டியதுதான் அந்தக் கூட்டணியின் தொடக்கம். சரி, நாமும் அப்படியே செய்வோம் என்று, மோரிசியைத் தெரிந்த ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

உள்ளே இருந்தவர் இருபத்துமூன்றைத் தொடப்போகும், வேலையில்லாத, அறையைவிட்டு அதிகம் வெளியே வராத, பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த மோரிசி. ஆறு ஆண்டுக்கு முன் பீட்டர் தெரு மாடியில் உட்கார்ந்திருந்த அதே பையன். பழைய தட்டுகளைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த சில நாட்களிலேயே சேர்ந்து பாட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்மித்ஸ் குழு பிறந்தது.

இந்தக் கதையில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒருவர் ஜோ மாஸ். கிரேஸி ஃபேஸ் என்ற துணிக்கடையின் சொந்தக்காரர், மார்ரைவிட எவ்வளவோ மூத்தவர். பையனிடம் திறமை இருக்கிறது என்று கண்டுகொண்டு, கடையின் மேல்மாடியைப் பயிற்சிக்குக் கொடுத்தார். முதல் தட்டுக்கு 250 பவுண்ட் செலவழித்தார். அதை எங்கே பதிவு செய்தார்கள் தெரியுமா? புதன்கிழமை நாங்கள் போன அதே ஸ்டாக்போர்ட் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில்தான். குழு பெரிதாகத் தொடங்கியதும் மாஸ் விலகிக் குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். பையன்களின் முதுகைத் தட்டி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் இப்படி ஒருவர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

அங்கிருந்து ஸால்ஃபோர்ட் லேட்ஸ் கிளப். 1904இல் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் திறந்த செங்கல் கட்டடம். இதன் வாசலில் ஸ்மித்ஸ் நால்வரும் நிற்கும் படத்தை 1985 இறுதியில் ஸ்டீபன் ரைட் எடுத்தார். உள்ளே ஒரு அறை முழுக்க உலகமெங்கும் இருந்து வந்தவர்கள் ஒட்டிய படங்களும் குறிப்புகளும். எனக்கு அதைவிடப் பிடித்தது, இன்னமும் பையன்களும் பெண் பிள்ளைகளும் குத்துச்சண்டையும் கால்பந்தும் பழக வருகிறார்கள் என்பது.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது ஒரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. நால்வர் நிற்கிறார்கள். ஆனால் ரஃப் டிரேட் இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் மோரிசியும் மார்ரும் மட்டுமே. பேஸ் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் டிரம்ஸ் வாசித்த மைக் ஜாய்ஸுக்கும் வருமானத்தில் பத்துப் பத்து சதவீதம். 1987இல் மார் வெளியேறிக் குழு கலைந்தது. 1996இல் ஜாய்ஸ் லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்காடி, கால் பங்கு தன்னுடையது என்று வென்றார். ரூர்க்கோ கையில் காசில்லாத நேரத்தில் முன்பே ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டுவிட்டார். 2023 மே மாதம் அவர் இறந்தார். அந்த பேஸ் வாசிப்பு இல்லாமல் ஸ்மித்ஸின் எந்தப் பாட்டையாவது நினைத்துப் பாருங்கள், பாதி உடல் காணாமல் போயிருக்கும். கால் பங்கு அவருக்கும் உரியதே.

சனி, விட்வொர்த் தெரு மேற்கு

கால்வாய் ஓரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, பெயர் ஹாசியெண்டா. 1982 மே 21 அன்று இங்கே, படகு விற்பனைக் கூடமாக இருந்த கட்டடத்தில், ஜாய் டிவிஷன் தட்டுகளை வெளியிட்ட ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனமும் நியூ ஆர்டரும் சேர்ந்து நடன விடுதி திறந்தார்கள். இசைத்தட்டு விற்ற பணமெல்லாம் இதற்குள் போனது. 1997இல் மூடினார்கள், பிறகு இடித்தார்கள். இதைப் பற்றி ஏற்கெனவே ஏராளமாக எழுதிவிட்டார்கள், நான் அதில் நிற்கவில்லை. இதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்தான் எனக்கு வேண்டும்.

நால்வரில் ஒருவர் போனால் அந்தப் பெயரைத் தொடர்வதில்லை என்று ஜாய் டிவிஷனில் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். கர்ட்டிஸ் இறந்த பிறகு மூவரும் பெயரைக் கைவிட்டு, பயிற்சி அறைக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார்கள். 1980 ஜூலை இறுதியில் மான்செஸ்டர் பீச் கிளப்பில் மூவராக ஒரு கச்சேரி. செப்டம்பரில் அமெரிக்கா போனார்கள். நியூயார்க்கில் அவர்களுடைய வாத்தியங்கள் அத்தனையும் திருடுபோயின. யார் பாடுவது என்பதும் முடிவாகவில்லை. மூவருமே மாறி மாறிப் பாடிப் பார்த்து, கடைசியில் அந்தப் பொறுப்பு சம்னர் தலையில் விழுந்தது. பஸ்காக்ஸில் ஷெல்லிக்கு நடந்ததேதான், காரணம்தான் எவ்வளவு வேறு. கிட்டார் வாசித்துக்கொண்டே பாட அவருக்கு வராது. பாடும்போது கிட்டாரை நிறுத்துவார், பாடி முடித்ததும் மீட்டுவார். அந்தத் தடுமாற்றமே நியூ ஆர்டர் பாடல்களின் வடிவமாகிப் போனது.

கர்ட்டிஸோடு சேர்ந்து எழுதிய கடைசிப் பாட்டுகளில் ஒன்று ‘செரிமனி’. வரிகள் எழுதிய தாள் இல்லை. பயிற்சியில் பதிவான தெளிவில்லாத ஒலிநாடா மட்டும் இருந்தது. சம்னர் அதைத் திரும்பத் திரும்ப ஓட்டி, சமன்செய்யும் கருவியில் குரலை மட்டும் மேலே கொண்டுவந்து, இறந்துபோன நண்பனின் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். 1981இல் அது நியூ ஆர்டரின் முதல் தட்டாக வந்தது. அந்த வேலையை அவர் செய்த இரவுகளை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது.

1980 அக்டோபரில் நான்காவது ஆளாக ஜில்லியன் கில்பர்ட் வந்தார். மேக்கிள்ஸ்ஃபீல்ட் பெண், ஸ்டீபன் மோரிஸின் காதலி. இறந்தவரின் இடத்தில் நிற்பதும், மூன்று ஆண்களும் வாய்விட்டு அழாமல் வைத்திருந்த துக்கத்துக்குள் நுழைவதும் லேசான காரியமா? கீபோர்டும் கிட்டாரும் வாசித்தார், சுரங்களை வரிசையாகத் தானே ஒலிக்கும் சீக்வென்சர் கருவிகளில் எண் எண்ணாக நிரல் எழுதினார். 1983 மார்ச்சில் ‘ப்ளூ மண்டே’ வந்தது; பன்னிரண்டு அங்குல சிங்கிள் தட்டுகளில் அதைவிட அதிகம் விற்றது வேறில்லை. 2001இல், உடல்நலம் குன்றிய தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள கில்பர்ட் குழுவிலிருந்து விலகினார். பத்து ஆண்டு வீட்டிலிருந்தார். இந்தக் குழுக்களைப் பற்றிய புத்தகங்களில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதற்குப் பல பக்கங்கள் உண்டு. இந்தப் பத்து ஆண்டுகளுக்கு ஒரு வரி. 2011இல் அவர் திரும்பி வந்தார், இப்போதும் மேடையில் சம்னருக்கும் மோரிஸுக்கும் பக்கத்தில் நின்று வாசிக்கிறார்.

நாளை ரயில் காலையிலேயே. கோயம்புத்தூர் வந்ததும் படங்களைப் போடுகிறேன்.